மாடியைத் திறந்துவிட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

பினாங்கு ஜார்ஜ்டவுன் மக்களுக்கு அன்பு வணக்கம்.

பெயர் கொடுத்தவர்களெல்லாம் நடிக்கும் எங்கள் விளிம்பு நாடக விழா நல்லபடியாக நடந்து முடிந்தது. நடித்தவர்களுக்குக் கைதட்டல் அன்றன்றைக்கே கிடைத்துவிட்டது. மேடைப் பக்கமே வராமல் விழாவை நடத்திக் கொடுத்தவர்கள் பலர். இந்த மடல் அவர்களுக்கு.

முதலில், லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஐயாவுக்கு. நாங்கள் பேசி வைத்திருந்த மண்டபம் கடைசி நேரத்தில் இல்லையென்று ஆகிவிட்டது. அதற்குள் சுவரொட்டிகள் அச்சாகி, ஊரெல்லாம் ஒட்டியும் முடித்திருந்தோம். விஷயம் கேள்விப்பட்டு அவரே கூப்பிட்டார். "மாடி சும்மாதானே கிடக்கு, மூட்டைய ஓரமா தள்ளிக்கலாம், வந்து நடத்துங்க பிள்ளைங்களா" என்றார். இந்த ஊரில் இது சின்ன உதவி இல்லை. பழைய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு போனது. 2008இல் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் கடைவீடுகள் ஒவ்வொன்றாகத் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறிவிட்டதால், ஒத்திகை பார்க்க ஓர் அறை பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. அப்படிப்பட்ட தெருவில் ஒரு முழு மாடி! வாடகை என்று வாயெடுத்தபோது, "பலகைத் தரை, கீழே ஆள் இருக்கும்போது பார்த்து நடங்க, அது போதும்" என்றார்.

மாடி கிடைத்ததும் அடுத்த கவலை மின்சாரம். எலக்ட்ரீஷியன் அண்ணன் பகல் வேலையை முடித்துவிட்டு வந்து, எந்த பிளக்குக்கு எந்த சுவிட்சிலிருந்து கரண்டு வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, சுவரில் சாக்பீஸால் எண் போட்டார். எங்களிடம் இருந்த பழைய மேடை விளக்கு ஒவ்வொன்றும் 1,000 வாட். 240 வோல்ட்டில் அது நாலு ஆம்பியருக்குச் சற்று அதிகமாகவே இழுக்கும். 13 ஆம்பியர் பிளக் ஒன்றில் மூன்று விளக்கு போட்டாலே விளிம்புக்கு வந்துவிடும். "ரெண்டுக்கு மேல கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, குறைந்த விளக்குகளுக்குப் பதிலாகத் தெரிந்தவரிடமிருந்து எல்.இ.டி. விளக்குகளை இரவல் வாங்கிக் கொடுத்தார். அண்ணன் ஒரு நாடகத்தைக்கூட முழுசாகப் பார்க்கவில்லை. எல்லாக் காட்சிகளிலும் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். ஒரு தடவைகூடக் கரண்டு போகவில்லை அண்ணா, உங்களால்தான்.

எங்கள் விழாவில் தேர்வுக் குழு கிடையாது. 1947இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த பெரிய கலை விழாவுக்கு எட்டு நாடகக் குழுக்கள் அழைப்பில்லாமலேயே போய், கிடைத்த இடத்தில் நடித்தன. உலகத்தில் இன்று நடக்கும் விளிம்பு விழாக்களுக்கெல்லாம் அதுதான் தொடக்கம். நாங்களும் அந்த வழிதான். பெயர் கொடுத்தால் மேடை உண்டு, டிக்கெட் காசு நடித்தவர்களுக்கே. நல்ல நாடகமும் வரும், பாதியில் தடுமாறுகிற நாடகமும் வரும். புதிதாகத் தமிழில் எழுதுகிற பிள்ளைகளுக்குத் தடுமாறவும் ஓர் இடம் வேண்டும் என்பதுதான் எங்கள் எண்ணம். பரிசுக்காகப் போட்டி போட மேடைகள் இருக்கின்றன. சரியாக வரவில்லை, பரவாயில்லை, திருத்திக்கொண்டு மறுபடி வா என்று சொல்கிற மேடைகள்தான் குறைவு.

இந்த முறையில் ஒரு சிரமம், ஒரு நாடகம் முடிந்ததும் அடுத்தது உடனே தொடங்க வேண்டும். இடையில் 15 நிமிடம்தான். கல்லூரி மாணவர்கள், நாடகக் குழுவுக்கு ஒரு நிறமாகத் தரையில் டேப் ஒட்டி, நாற்காலியின் கால் எங்கே வர வேண்டும் என்பதுவரை குறித்து வைத்திருந்தார்கள். தம்பி தங்கைகளே, பரீட்சை நேரத்தில் வந்து உழைத்தீர்கள். மறக்க மாட்டோம்.

பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி வந்த பெரியவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லத்தான் வேண்டும். ரப்பர் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா நாடகங்களில் பெண் வேடம் கட்டியவர். அரிதாரம் பூசிவிட வந்தவர், ஒத்திகையைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, குரல் எழும்பாமல் திணறிய ஒரு பெண்ணை மாடிப்படியின் மேலே நிறுத்தினார். தான் கீழே இறங்கி, கடை வாசலின் ஐந்தடி நடைபாதையில் போய் நின்றுகொண்டார். "கத்தாதேம்மா. வார்த்தையோட கடைசி எழுத்த முழுங்காமச் சொல்லு, தானா கேட்கும்" என்றார். அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அவள் நாடகத்தன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுக் கூரையில் ஒரே இரைச்சல். மைக் கிடையாது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அவள் பேசிய ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஐயா, உங்கள் தோட்டத்து மேடை இப்போது இல்லாமல் இருக்கலாம். அங்கே நீங்கள் கற்றது இந்த ஊரில் இன்னும் இருக்கிறது.

பினாங்குக்கு நாடகம் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தில் இங்கே உருவானதுதான் பங்சாவான் என்ற மலாய் இசை நாடகம். பாட்டும் கூத்தும் கலந்த போரியாவுக்கும் இந்த ஊர்தான் சொந்த ஊர். அந்தப் போரியாவில் வாசிக்கும் மலாய் நண்பர்கள் கேட்டதுமே தாளக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். தெரிமா காசி, நன்றி நண்பர்களே.

அப்புறம், மாநகர் மன்ற உரிமத்துக்குப் பாரங்களை நிரப்பி அலைந்த அக்கா, வாசலுக்குத் தோரணம் கட்டிக் கொடுத்த பூக்கடைப் பெண்கள், இரவு ஒத்திகைக்கு நாசி கண்டார் பொட்டலம் அனுப்பிய பாய், தங்கள் மாணவர்களை அழைத்து வந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், உண்டியலில் பத்து வெள்ளி (ரிங்கிட்) போட்டவர், ஒரு வெள்ளி போட்டவர் எல்லாருக்கும் நன்றி. மழையில் நனைந்து வந்து, ஈரத் துணியோடு கடைசிவரை உட்கார்ந்து பார்த்த ரசிகர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

இரவல் வாங்கிய விளக்குகளும் மின்விசிறிகளும் உரியவர்களிடம் திரும்பிவிட்டன. வரவு செலவுக் கணக்கை இந்த வாரம் கடை வாசலில் ஒட்டுகிறோம். காசு தந்தவர்கள் தாராளமாகப் பார்க்கலாம், கேள்வியும் கேட்கலாம். அடுத்த விழாவுக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் இப்போதே கொடுக்கலாம். கதை முடிவாகாவிட்டாலும் சரி.

அன்புடன்,
விழாக் குழுவினர் சார்பில்