பம்புசெட்டைச் சரிசெய்து கொடுத்த பெரியவருக்கு நன்றி

சேர்வராயன் மலையில், காப்பி பூக்க உதவும் பூ மழை பொய்த்து, காப்பிச் செடிகள் தெளிப்பு நீரையே நம்பியிருந்த மார்ச் மாதத்தில், எங்கள் தோட்டத்துப் பழைய டீசல் பம்புசெட் ஓடை நீரை மேலேற்ற முடியாமல் திணறியபோது, நாங்கள் பேசியதைக் கேட்டு ஏற்காடு பேருந்து நிலையத்திலிருந்து தாமாகவே உடன் வந்து, பெயர்கூடச் சொல்லாமல் விடைபெற்ற சேலத்துப் பெரியவருக்கு நெஞ்சார்ந்த நன்றி.

புதிய பம்பு வாங்குவதே வழி என்று பலரும் கூறியிருந்தனர். ஐயா அவர்களோ முதலில் உறிஞ்சு குழாயைத்தான் பார்த்தார். உறிஞ்சு குழாயில் நீரை மேலே தள்ளும் காற்றழுத்தம், கடல் மட்டத்தில் சுமார் 10.3 மீட்டர் உயர நீரைத் தாங்கினாலும், 1,500 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 8.6 மீட்டரையே தாங்கும் என்றும், குழாயின் உராய்வையும் கழித்தால் சமவெளிக் கணக்கு மலைக்கு உதவாது என்றும் அவர் விளக்கியது எத்தனை தெளிவு! ஓடை வற்றி நீர்மட்டம் தாழ்ந்திருந்ததால் பம்பை நீருக்கு அருகே இறக்கி வைத்தார். உறிஞ்சு குழாயின் அடிமுனையில் நீர் திரும்ப இறங்காமல் தடுக்கும், ஆனால் கசிந்துகொண்டிருந்த ஃபுட் வால்வின் வாஷரையும், பம்பின் தண்டைச் சுற்றி அடைப்பாக இருந்து, தேய்ந்துபோய்க் காற்றை உள்ளிழுத்த கிளாண்டு கயிற்றையும் மாற்றினார். கிளாண்டை முழுதும் இறுக்கிவிடாமல் சொட்டுச் சொட்டாகக் கசியவிட்டால்தான் தண்டு சூடேறாது என்று எங்கள் பணியாளருக்கும் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்.

கூலியை அவர் வாங்கவே இல்லை. இப்பதிவு அவர் பார்வைக்கு வருமானால், அதைப் பெற்றுக்கொள்ள ஒருமுறை தோட்டத்துக்கு வரவேண்டும் என்று பணிவுடன் வேண்டுகிறோம்.