முதலில் அது ஒரு வார்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டு அருங்காட்சியகங்களைப் பற்றிப் பயணப் பக்கங்களில் நிறைய எழுதுகிறீர்கள். சிலைகளையும் நகைகளையும் பற்றி எழுதுகிறவர்கள், அவற்றை வைத்திருக்கும் கட்டடத்துக்கும் நாலு வரி ஒதுக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

31 வருடம் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சமீபத்தில் ஒரு சுற்றுலாக் குழுவோடு கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவுக்குப் போயிருந்தேன். தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு வழிகாட்டி தந்தது ஒரே ஒரு மணி நேரம். "அஃப்ரோடைட்டி சிலையைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் அங்கேதான் ஓடினார்கள். மண்டியிட்டு, கூந்தலை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்திருக்கும் பளிங்குப் பெண், கிரேக்கரின் காதல் தெய்வம். அரை மீட்டர் உயரம்கூட இல்லை. அழகுதான், மறுக்கவில்லை.

ஆனால் மேல்தளத்துப் பெரிய கூடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. சுமார் 50 மீட்டர் நீளம். நடுவே நீளவாக்கில் ஒரு வரிசைத் தூண்கள். பக்கச் சுவரில் ஒரு சிறிய வழிபாட்டு மாடம். சுவரை ஒட்டிச் சின்னச் சின்ன அறைகள். இப்போது அங்கே வைத்திருப்பது வீரத்துறவிகளின், அதாவது போர்வீரர்களாகவும் இருந்த கிறிஸ்தவத் துறவிகளின், கல்லறைப் பலகைகள், குலச் சின்னங்கள் செதுக்கியவை. எனக்கோ இரண்டு பக்கமும் கட்டில்கள்தான் தெரிந்தன. படுத்திருப்பவர் எழாமலே பூசையைப் பார்க்கட்டும் என்றுதான் மாடத்தை அங்கே வைத்திருப்பார்கள். தொற்று உள்ளவரை அந்தச் சின்ன அறையில் படுக்க வைத்திருப்பேன், நான் அங்கே பொறுப்பில் இருந்திருந்தால். இது வார்டு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நின்றதுமே தெரிந்துவிட்டது.

வந்த பிறகு தேடிப் படித்தேன். புனித யோவான் சபையின் வீரத்துறவிகள் கட்டிய மருத்துவமனை அது. சபைத் தலைவர் ஃப்ளூவியன் 1437இல் இறக்கும்போது விட்டுச்சென்ற பணத்தில், அடுத்த தலைவர் லாஸ்டிக் 1440இல் வேலையைத் தொடங்கினார். முடிந்தது 1489இல். இடையே 1480இல் துருக்கியரின் முற்றுகை, மறு வருடமே நிலநடுக்கம். அவ்வளவுக்கும் நடுவில் ஒரு மருத்துவமனையைக் கைவிடாமல் கட்டி முடித்திருக்கிறார்கள். 1522இல் சுல்தான் சுலைமானிடம் தீவை இழந்து வெளியேறினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியர் கைக்குத் தீவு வந்த பிறகுதான் கட்டடத்தைச் சீர்செய்து அருங்காட்சியகமாக்கினார்கள்.

அப்புறம், இந்தச் சபை ஜெருசலேமில் இருந்த காலத்தில், 1182இல், தன் மருத்துவமனைக்கு எழுதிவைத்த விதிகளைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டில் நன்றாக ஓய்வெடுக்கப் போதுமான நீள அகலத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டிலுக்கும் தனி விரிப்பு, தனிப் போர்வை. கழிப்பிடத்துக்குப் போய்வர நோயாளிக்கு ஆட்டுத்தோல் மேலங்கி, காலணி, கம்பளித் தொப்பி. யாத்திரை வந்த இடத்தில் பிரசவித்த பெண்களின் குழந்தைகளுக்குத் தனித் தொட்டில். நோயாளியை எஜமானராக நடத்த வேண்டும் என்பது அதற்கும் முந்தைய விதி. ராத்திரி ஷிஃப்டில் ஒரு முதியவரைக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனவர்களுக்குத்தான் அந்தக் காலணியின் அருமை தெரியும். 800 வருடத்துக்கு முன்னால் யாரோ அதை யோசித்து விதியாகவே எழுதியிருக்கிறார். அந்த வழியில் வந்தவர்கள் கட்டிய வார்டில் நின்றிருக்கிறேன். எங்கள் குழுவில் முக்கால்வாசிப் பேர் அது என்னவென்றே தெரியாமல் கடந்து போனார்கள்.

சிலைகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே அருங்காட்சியகத்தில் கிரிட்டோ, திமாரிஸ்டா என்ற மகளும் தாயும் விடைபெறும் நடுகல் ஒன்று இருக்கிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. துக்கத்துக்காக முடியை வெட்டிக்கொண்ட மகள், தாயைத் தொட்டபடி நிற்கிறாள். தாயின் கை மகளின் தோளில். கட்டிலோரங்களில் எத்தனையோ தடவை நான் பார்த்த காட்சி. இந்தக் கல்லுக்கு இதைவிடப் பொருத்தமான வீடு கிடைக்காது என்று தோன்றியது. ஆனால் கட்டடம் எதுவாக இருந்தது என்று தெரிந்தவருக்குத்தானே அப்படித் தோன்றும்?

அதனால்தான் கேட்கிறேன். கோட்டையோ, மடமோ, மருத்துவமனையோ, பழைய கட்டடத்தில் இயங்கும் அருங்காட்சியகத்தைப் பற்றி எழுதும்போது, அந்த இடத்தில் முன்பு யார் படுத்தார்கள், யார் வேலை செய்தார்கள், எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். ரோட்ஸ் போகிற வாசகர்கள் முற்றத்தில் குவித்திருக்கும் பீரங்கிக் கல்குண்டுகளைப் பார்த்த கையோடு, நேரே படியேறி அந்த நீளக் கூடத்துக்குப் போகட்டும். அஃப்ரோடைட்டியை அதற்கு அப்புறம் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்