இயர்போன் வாங்கும் முன்

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா நலம். மாமா வீட்டு விஷயம் அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. புது இயர்போன் வாங்கப் போவதாகச் சொன்னாயே, வாங்கிவிட்டாயா? இல்லையென்றால் இதைப் படித்துவிட்டு வாங்கு. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய்.

முதலில் முனையில் இருக்கும் ரப்பரைப் பார். பெட்டியில் பெரும்பாலும் மூன்று அளவு கொடுத்திருப்பான். நீ, பெட்டியிலிருந்து வரும்போது இயர்போனில் மாட்டியிருப்பதையே போட்டுக்கொள்கிறவன். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார். இடது காதுக்கு ஒன்று, வலதுக்கு வேறொன்று பொருந்தினாலும் தப்பில்லை. ரப்பர் சரியாக உட்காராவிட்டால் பேஸ் எல்லாம் வெளியே போய்விடும். மிருதங்கத்தில் வலந்தலை மட்டும் டக் டக்கென்று கேட்கும், தொப்பி கேட்காது. உடனே நீ சவுண்டை ஏற்றுவாய். நம் மைக் செட்டுக்கு வந்த பையன்களும் இப்படித்தான், எதற்கெடுத்தாலும் சவுண்டை ஏற்றுவார்கள்.

வீட்டுக்கு ஒயர் வைத்ததே போதும். உன் போனில் இருப்பது உருண்டை ஓட்டையா, டைப் சியா என்று பார்த்துக்கொள். வெளியே போட ஒயர்லெஸ், நம்ம ஊர் வேர்வைக்கு ஐபிஎக்ஸ் 4 ஆவது இருக்கட்டும், தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்பதற்கான குறி அது. தாம்பரம்-பீச் வண்டியின் இரைச்சலை அமுக்கத்தானே சவுண்டைக் கூட்டுகிறாய்? நாய்ஸ் கேன்சலிங் உள்ளதாக வாங்கு. ரயில், ஃபேன், ஏசி மாதிரி சீராக ஓடும் சத்தத்தை அது நன்றாகக் குறைக்கும். பேச்சு அந்த அளவுக்குக் குறையாது. வண்டியை விட்டு இறங்கியதும் கழற்றிவிடு. வெளிச் சத்தத்தை உள்ளே விடும் டிரான்ஸ்பரன்சி மோடு இருக்கிறது என்பாய். இருக்கட்டும், கழற்றிவிடு. குரோம்பேட்டையில் தண்டவாளத்தில் இறங்கிக் குறுக்கே போகாதே.

80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 ஆனால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். உனக்குப் போகவர மட்டும் தினம் இரண்டு மணி நேரம். ப்ளஸ் டூ கணக்கில் 198 வாங்கியவன், நீயே போட்டுப் பார். சவுண்டுக்கு எல்லை வைக்கப் போனிலேயே வழி இருக்கிறது, வைத்துக்கொள்.

பொங்கலுக்கு வந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டாள். நீ திரும்பவில்லை. காதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை, நான் பார்த்தேன். உனக்குக் கோபம் என்று அம்மா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். கோபமாகவே இருந்தால் நல்லது.

எனக்கு ஜி.எச்.சில் காது பார்க்க வேண்டும். தனியாகப் போனால் டாக்டர் சொல்வதில் பாதி என் இடது காதோடு போய்விடும். ஒரு நாள் லீவு போட்டுத் துணைக்கு வா. காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்க ஆடியோகிராம் எடுப்பார்கள், வலிக்காது. வந்ததற்கு நீயும் ஒன்று எடுத்துக்கொள். காலையிலேயே சீட்டு வாங்க வேண்டும், அதனால் முந்தின நாள் ராத்திரியே பெரம்பூருக்கு வந்துவிடு.

அப்பா