தண்ணீர் இறங்கிவிட்டது

அன்புள்ள சீனு,

நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆறு மாதமாக ஒரு வரி எழுதாதவன் கேட்கிற கேள்வியா அது. கோமதி பெங்களூர் போய் மூன்று வாரம் ஆகிறது. மகளுக்கு இரண்டாவது பிரசவம், பெண் குழந்தை, எல்லோரும் சௌக்கியம். இங்கே என் சௌக்கியம்தான் கெட்டுக் கிடந்தது.

போன செவ்வாய்க்கிழமை வாஷிங் மெஷின் பாதியில் நின்றுவிட்டது. கண்ணாடிக் கதவில் பாதி உயரம் தண்ணீர், உள்ளே என் நாலு வேட்டியும் போர்வையும் ஊறிக்கொண்டிருக்கின்றன, அடியிலிருந்து ஒரு முனகல், நம் ஹெட்மாஸ்டர் பிரம்பைத் தேடும்போது முனகுவாரே, அதே சுருதி. கதவும் திறக்கவில்லை, உள்ளே தண்ணீர் நிற்கிறவரை பூட்டு விடாதாம். ரிப்பேர் பார்க்க ஒரு பையன் வந்தான். மெஷினை நகர்த்தக்கூட இல்லை, காதை வைத்துக் கேட்டுவிட்டு "பம்ப் போச்சு சார், 2,400 ஆகும்" என்றான். ஜோசியக்காரன்கூடக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வான். அனுப்பிவிட்டேன்.

அப்புறம் நானே இறங்கினேன். உன் சைக்கிளை நான் ரிப்பேர் பார்த்த கதையை இப்போது ஞாபகப்படுத்தாதே. முதலில் பின்னால் தண்ணீர் போகிற ஓஸைக் கழற்றித் தரையில் போட்டேன். வழி திறந்திருந்தால் பம்ப் ஓடாவிட்டாலும் பள்ளத்தைப் பார்த்துத் தண்ணீர் தானாக வர வேண்டும் இல்லையா? ஒரு டம்ளர் வந்தது, நின்றுவிட்டது. ஓஸ் எங்கும் மடங்கவில்லை, ஊதினால் காற்று நன்றாகப் போகிறது. அப்படியானால் அடைப்பு அதற்கும் முன்னால். இந்த இடத்தில் என்னை நானே மெச்சிக்கொண்டேன், ஆனால் முன்னால் என்றால் எங்கே என்று தெரியவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குக் கோமதிக்குப் போன் போட்டேன்.

"கீழ வலது பக்கம் சின்ன மூடி இருக்கு பாருங்க, அதுக்குள்ள ஃபில்டர். முதல்ல ப்ளக்கைப் பிடுங்குங்க" என்றாள். பிடுங்கினேன். "ஃபில்டருக்குப் பக்கத்துலயே ஒல்லியா ஒரு ட்யூப் இருக்கும், அதோட மூடியை எடுத்து முதல்ல தண்ணியை வடிச்சுட்டு..." என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் ஃபில்டரைத் திருகிவிட்டேன். சீனு, அவ்வளவு தண்ணீரும் ஒரே மூச்சில் ஹாலுக்கு வந்தது. ஊறின வேட்டியையே பிழிந்து பிழிந்து தரையைத் துடைத்தேன்.

ஃபில்டரில் என்ன இருந்தது தெரியுமா? இரண்டு ஒரு ரூபாய், ஒரு ஐந்து ரூபாய், ஒரு ஊக்கு, பல் குத்தும் குச்சி, களியாகிப்போன பஸ் டிக்கெட். எல்லாம் என் சட்டைப் பையிலிருந்து போனவை. அதற்கும் உள்ளே பம்பின் சின்ன விசிறியில் வேட்டிக்கரை நூல் சுற்றிக் கிடந்தது. அதை எடுத்துவிட்டு விரலால் சுற்றினால் விசிறி தடங்கித் தடங்கித் திரும்புகிறது. சரி, பம்ப் நிஜமாகவே போய்விட்டது, அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். உள்ளே காந்தம் இருப்பதால் அது எப்போதும் அப்படித்தான் திரும்புமாம், அதையும் கோமதிதான் சொன்னாள். எல்லாவற்றையும் மூடி, ஓஸைப் பழையபடி மாட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டு ஓட்டினேன். பாத்ரூமில் தண்ணீர் விழுந்த சத்தம் இருக்கிறதே, பேத்தி பிறந்த செய்திக்கு அடுத்து அதுதான்.

"உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?" என்றேன். "மாசம் ஒரு தடவை நான்தானே திறந்து எடுக்கறேன். அலமாரியில இருக்கற பாட்டில் காசெல்லாம் எங்கேருந்து வந்துதுன்னு நெனச்சீங்க?" என்றாள். திருப்பதி உண்டியலுக்கு முடிந்து வைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அதிலிருந்து ஆட்டோவுக்குச் சில்லறை எடுத்துவிட்டு, பெருமாளிடம் கடன் சொல்லிக்கூட வைத்திருக்கிறேன்.

போனை வைத்துவிட்டு ஈரத்தரையிலேயே உட்கார்ந்திருந்தபோது உன் ஞாபகம் வந்தது. சித்திரையில், பத்மா போய் ஒரு மாதம்கூட ஆகாதபோது, நீ கூப்பிட்டாய். "மெஷின்ல தண்ணி இறங்கலடா, அவ என்ன பண்ணுவான்னு தெரியல" என்றாய். டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. "ஆளைக் கூப்பிட்டுப் பாருடா" என்று வைத்துவிட்டேன். அதற்கப்புறம் நீயும் கூப்பிடவில்லை, நானும் பேசவில்லை. எனக்காவது போன் போட்டுக் கேட்கப் பெங்களூரில் ஆள் இருந்தது.

அந்த மெஷின் என்ன ஆயிற்று? சரி செய்தாயா, இல்லை இன்னும் வாளியில்தான் துவைக்கிறாயா? சரி செய்யவில்லை என்றால் நீயாகத் திறக்காதே, அத்தனை மாதத் தண்ணீர் நாறும். வியாழன் ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் கிளம்புகிறேன், வெள்ளி விடிகாலை திருச்சி. மூடி தரையை ஒட்டி இருக்கும், வாளி நுழையாது. உயரம் குறைந்த தட்டு ஒன்றும் பழைய துணியும் எடுத்து வை. ஃபில்டரில் பத்மாவின் ஹேர்பின் ஏதாவது இருக்கலாம். நான் வந்த பிறகு பார்ப்போம்.

சாப்பாட்டுக்கு எதுவும் செய்யாதே. முக்கியமாக அந்த சாம்பார்.

உன்,
ராமு