கான்ஃபரன்ஸ்னா பாங்காக்தானா? சென்னையில ஒரு சனிக்கிழமை போதுமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இன்டர்நேஷனல் ஸ்கூல்னாலே ஃபீஸ் எவ்ளோங்கற பேச்சுதான் வருது, உள்ள வேலை பாக்குற டீச்சர்ஸ் பத்தி யாரும் எழுதி நான் பாத்ததில்ல, அதான் இந்த லெட்டர். நான் சென்னையில ஒரு ஐபி, அதாவது இன்டர்நேஷனல் பேக்கலாரியேட்ங்கற வெளிநாட்டுப் பாடத்திட்டம் நடத்துற ஸ்கூல்ல டிப்ளமா பசங்களுக்கு, அதாவது நம்ம ப்ளஸ் ஒன் ப்ளஸ் டூ வயசுப் பசங்களுக்கு, எகனாமிக்ஸ் எடுக்குறேன்.

எங்க மாதிரி சின்ன ஸ்கூல்ல ஒரு சப்ஜெக்டுக்கு ஒரே டீச்சர்தான். ஸ்டேட் போர்டுன்னா பக்கத்து ஸ்கூல் சார்கிட்ட கேக்கலாம், எங்களுக்கு சந்தேகம் வந்தா ஸ்டாஃப் ரூம்ல கேக்க ஆளே கிடையாது. எகனாமிக்ஸ்ல ஒவ்வொரு பையனும் மூணு கமென்ட்ரி, அதாவது ஒரு செய்திக் கட்டுரைய எடுத்து பாடத்த வச்சு அலசி, எழுதணும், ஒண்ணு 800 வார்த்தைக்குள்ள, 14 மார்க், அத திருத்தி மார்க் போடுறது நாங்கதான். அதுல கொஞ்ச பேரோடத மட்டும் வெளிய இருக்குற மாடரேட்டர் பாப்பாரு, நாங்க தாராளமா போட்டிருக்கோம்னு அவருக்குப் பட்டா அந்த கொஞ்ச பேருக்கு மட்டும் இல்ல, மொத்த க்ளாஸுக்கும் மார்க் இறங்கும். ஒரு பிள்ளையோட காலேஜ் அட்மிஷனே இதுல மாட்டிக்கும் சார்.

இதுக்குத்தான் கான்ஃபரன்ஸ் வேணும்ங்கறேன். பெரிய ஆளுங்க மேடையில பேசுறது நல்லாத்தான் இருக்கும், ஆனா உண்மையான பிரயோஜனம் ஜாப்-அலைக்னு ஒரு செஷன் வைப்பாங்க பாருங்க, அதுலதான். ஒரே சப்ஜெக்ட் எடுக்குறவங்க எல்லாம் ஒரு ரூம்ல உக்காந்து ஒரே கமென்ட்ரிய தனித்தனியா திருத்துவோம். நான் போன ஒண்ணுல சர்க்கரை வரி பத்தின கமென்ட்ரி, ஒருத்தர் 12 போட்டாரு, இன்னொருத்தர் 8. படம் சரியா இருக்கு, ஆனா அச்சுல வெறும் விலை, அளவுன்னு மட்டும் எழுதியிருக்கான், எந்தப் பொருளோட விலைன்னு இல்ல, அந்தச் செய்திக் கட்டுரையில வர்ற கூல் டிரிங்க்ஸ் மார்க்கெட்டுக்கும் படத்துக்கும் சம்பந்தமே காட்டலன்னு அந்த 8 போட்ட மேடம் எடுத்துச் சொன்னாங்க, அதுக்கு அப்புறம் எங்க எல்லாரோட திருத்தமும் மாறிடுச்சு. இத எந்த கைடு படிச்சாலும் கத்துக்க முடியாது.

ஆனா போறது யாரு? எங்க பக்கத்து ஸ்கூல்களுக்கு நேசாங்கற இன்டர்நேஷனல் ஸ்கூல் கூட்டமைப்போட வசந்த கால கான்ஃபரன்ஸ் பெரும்பாலும் பாங்காக்ல, கிழக்கு ஆசியா பக்கம் இயர்காஸ்ங்கற கூட்டமைப்புன்னா பாங்காக், கோலாலம்பூர், கோத்தா கினபாலுன்னு மாறி மாறி நடக்கும். ஃப்ளைட், ஹோட்டல், ரெஜிஸ்ட்ரேஷன்னு செலவு எங்கயோ போயிடும். வெளிநாட்டுல இருந்து எடுத்த டீச்சருக்கு இதுக்குன்னு தனி அலவன்ஸ் கான்ட்ராக்ட்லயே இருக்கும், லோக்கல் ஹையர்னா நிறைய இடத்துல கிடையாது, நாங்க திருத்துற பேப்பரும் அதே பேப்பர்தான், எங்க க்ளாஸ் பசங்களும் அதே ஃபீஸ்தான் கட்டுறாங்க. கேட்டா அடுத்த வருஷம் பாக்கலாம்பாங்க. வெளிய நாலு பேர பாத்தா டீச்சர் வேற ஸ்கூலுக்குப் போயிடுவாங்கன்னு ஒரு பயமும் மேனேஜ்மென்ட்ல சில பேருக்கு இருக்கு. சொல்றேன், தனியா விட்டதாலதான் நிறைய பேர் கிளம்புறாங்க, சப்ஜெக்ட் பேச ஆள் கிடைச்சா இருக்குற இடத்துலயே நல்லா வேலை பாப்பாங்க.

பாங்காக் வேணாம்னு சொல்லல, லோக்கல் டீச்சர்ஸையும் முறை வச்சு அனுப்பட்டும். அது வரைக்கும் நம்ம ஊர்லயே ஏன் நடத்தக் கூடாது? கொடைக்கானல்ல 1976லயே ஐபி வந்தாச்சு, சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் எவ்ளோ ஸ்கூல் இருக்கு, அனுபவம் உள்ளவங்களுக்குப் பஞ்சமே இல்ல. ஒரு சனிக்கிழமை ஒரு ஸ்கூல் நாலு க்ளாஸ்ரூம் திறந்து விடட்டும், மத்தவங்க பேர் அழிச்ச பத்து பேப்பர் ஜெராக்ஸ் எடுத்துட்டு வரட்டும், மத்தியானச் சாப்பாடு, பஸ் சார்ஜ் அந்தந்த ஸ்கூல் தரட்டும். ஒண்ணே ஒண்ணு, தேதி முக்கியம். மே மாச எக்ஸாம் எழுதுற ஸ்கூல் எல்லாம் ஏப்ரல் 20க்குள்ள இந்த மார்க்க ஏத்தியாகணும், மார்ச் கடைசியில கூடி என்ன பிரயோஜனம், பசங்க எழுதி முடிச்சிருப்பாங்க. பசங்க முதல் டிராஃப்ட் கொடுக்குற நேரத்துல, நவம்பர் டிசம்பர்ல வைங்க. பிரின்சிபல்ஸ் யாராவது இதப் படிச்சா வர்ற நவம்பருக்கே ஒரு தேதி சொல்லுங்க, எகனாமிக்ஸ் ரூம் வேலைய நான் பாத்துக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு எகனாமிக்ஸ் டீச்சர், சென்னை