அரை மதிப்பெண்ணுக்கு இருநூறு சொற்கள் வேண்டாம்

தண்டையார்பேட்டை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஐயெல்ட்ஸ் இங்கிலீஷ் தேர்வு மதிப்பெண்களைப் பார்த்தேன். கேட்பதில் 7.5, வாசிப்பில் 7, பேச்சில் 6.5, எழுத்தில் 6. பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் தலா 7 கேட்பதால், இரண்டு இடத்தில் அரை பேண்டுதான், அதாவது அரை மதிப்பெண்தான், குறைகிறது. அதற்காக மறுபடியும் கோச்சிங்குக்குப் பணம் கட்டி, இன்னும் இருநூறு கடினச் சொற்களை மனப்பாடம் செய்யப் போவதாகச் சொன்னாயே, அதில் எனக்கு உடன்பாடில்லை. உன்னிடம் சொல் பஞ்சம் இல்லை; கேட்ட கேள்விக்குப் பதில்தான் தாமதமாக வருகிறது.

முதியோரை வீட்டில் பராமரிப்பதா, இல்லத்தில் சேர்ப்பதா என்ற கட்டுரையையே எடுத்துக்கொள். “இன் திஸ் மாடர்ன் எரா” என்று தொடங்கி, முதல் பத்தி முழுவதும் கோச்சிங்கில் கொடுத்த அச்சு வாசகங்களாகவே ஓடுகிறது. உன் கருத்து என்னவென்று கடைசிப் பத்தியில்தான் தெரிகிறது. கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது, கருத்துகளின் கோர்வை, சொல்வளம், இலக்கணம் என நான்கு அளவுகோல்களுக்கும் சம மதிப்பு இருக்கும்போது, நீ சொல்வளத்துக்கு மட்டும் உழைத்திருக்கிறாய். துறைமுகத்தில் சரக்குச் சேதம் குறித்து ஏஜெண்டுகளுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதியே ஓய்வு பெற்றவன் நான். என்ன சேதம் என்பதை முதல் வரியில் சொல்லாத கடிதத்தை அங்கே யாரும் படித்ததில்லை. எனவே கேள்வியைப் படித்ததும் உன் பதிலை ஒரே வரியில், தமிழிலானாலும் சரி, குறித்துக்கொண்டு, அதையே முதல் பத்தியில் வைத்து, பத்திக்கு ஒரு காரணமாக உன் வார்டு அனுபவத்திலிருந்து எழுது. 250 சொற்கள் கேட்கும் இடத்தில் 370 எழுதியிருக்கிறாய். பிழைகள் பெரும்பாலும் அந்தக் கடைசி நூறில்தான் இருக்கின்றன. 280 போதும், மீதி நேரத்தில் திருத்திப் பார்.

எழுத்துத் தேர்வில் முதலில் வரும் வரைபடக் கேள்விக்கு 20 நிமிடத்துக்கு மேல் செலவிடாதே. இரண்டாவதாக வரும் கட்டுரைக்கு அதைப்போல் இரு மடங்கு மதிப்பு. வரைபடத்தில் தெரியும் எண்களையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டு, மொத்தத்தில் எது கூடியது, எது குறைந்தது என்ற இரண்டு வரியை விட்டுவிடுகிறாய். அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுகோலில் 6 எடுப்பதே கடினம்.

இனி பேச்சு. மொத்தமே 11 முதல் 14 நிமிடம்தான். நம் பேட்டையின் வாடை இங்கிலீஷில் அடிப்பதைப் பற்றிக் கூச்சப்படாதே; சொல்வது தெளிவாகப் புரிந்தால் அதற்காக மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். குறைவது வேறிடத்தில். நீ அனுப்பிய பதிவில், நேற்று நடந்ததைச் சொல்லும்போதும் “ஷி வாக் டு தி வார்ட், ஐ ஹெல்ப் ஹர்” என்றே கேட்கிறது. இறந்தகாலத்தின் கடைசி ஒலியை விழுங்கிவிடுவதால், இலக்கணத்திலும் உச்சரிப்பிலும் ஒரே தவறுக்கு இரண்டு இடத்தில் அடி விழுகிறது. ஒரு தலைப்பை எடுத்து, ஒரு நிமிடம் குறிப்பெழுதி, இரண்டு நிமிடம் பேசிப் போனில் பதிவு செய்; பிறகு காதில் விழுந்ததை மட்டும் அப்படியே எழுதிப் பார். எங்கே விழுங்குகிறாய் என்பது தானாகத் தெரியும். அதே தலைப்பில் மறுநாளும் பேசு. மனப்பாடப் பதிலைத் தேர்வாளர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார். மூன்றாம் பகுதியில் அவர் ஏன், எப்படி என்று துருவும்போது அது கைகொடுக்கவும் செய்யாது. இப்போதே கேரளத்து அறைத்தோழியை அப்படிக் கேள்வி கேட்கச் சொல், உங்கள் இருவருக்கும் பொதுமொழி இங்கிலீஷ்தானே.

தேர்வைக் கணினியில் எழுதப் போகிறாய் என்றால், பயிற்சியையும் தட்டச்சிலேயே செய். சொல் எண்ணிக்கை திரையில் தெரியும் என்பதால் 370 வரை போக வேண்டிய அவசியமும் இருக்காது. நைட் டியூட்டி இல்லாத வாரத்தில் இரண்டு கட்டுரைகளை நேரம் வைத்து எழுதி அனுப்பு. சிவப்பு மையில் திருத்தி அனுப்புகிறேன். அவற்றைப் பார்த்த பிறகு தேதி குறிக்கலாம், அதுவரை தேர்வுக் கட்டணம் கட்டாதே.

இப்படிக்கு,
அப்பா