சிறுவாணி இருக்க ஆர்.ஓ. எதுக்கு?

அன்புள்ள சரசு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்திக்குக் காதுகுத்து, வீடு முழுக்க ஆள், கோபிக்காதே.

ஆர்க்கிட் செடிக்காக ஆர்.ஓ. மெஷினும், தண்ணீரின் புளிப்பை அளக்கிற பி.எச். மீட்டரும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. உப்பு குறைந்த சிறுவாணித் தண்ணீர் பிடிக்கிற கோயம்புத்தூர்க்காரி தாம்பரத்துக்காரியிடம் கேட்கிற கேள்வியாடி இது!

என் பாடு வேறு. எங்கள் போர் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கிற உப்பின் அளவு, 1,100. டென்ட்ரோபியம் ஆர்க்கிட் தொட்டியில் மண்ணுக்குப் பதிலாகப் போட்ட கரித்துண்டெல்லாம் உப்புப் பூத்து வெள்ளை வெளேரென்று இருக்கும், வேர் நுனி ஒவ்வொன்றும் எரிந்த தீக்குச்சி மாதிரி. பி.எச். 8-க்கு மேலே, அதுதான் வில்லன் என்று நானே முடிவுகட்டி பக்கெட்டில் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். மீட்டர் 6.2 காட்டும். மறுநாள் காலையில் பார்த்தால் 7.5-ஐத் தாண்டி நிற்கும். ஒரு வருஷம் இந்தக் கூத்து. அப்புறம்தான் புரிந்தது, தண்ணீரில் கரைந்திருக்கிற பைகார்பனேட்டில் புளிப்பு விழுந்ததும் கரியமில வாயு உண்டாகிறது, அது உள்ளேயே தங்குகிற வரைக்கும் பி.எச். இறங்கிக் காட்டும், திறந்து வைத்த சோடா மாதிரி ராத்திரியில் அது பறந்துபோனதும் மீதி பைகார்பனேட் பழையபடி ஏற்றிவிடும். உப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

சரி என்று ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறினேன், டி.டி.எஸ். 40. இப்போது மீட்டர் பைத்தியம் பிடித்தது போல ஒரு தரம் 5.4, ஒரு தரம் 6.9. கெட்டுப்போச்சு என்று நினைத்தேன், இல்லை. கரைந்தது அதிகம் இல்லாத தண்ணீரில் மீட்டருக்குப் பிடிமானம் கிடையாது, காற்றிலிருந்து கொஞ்சம் கரியமில வாயு கரைந்தாலே எண் மாறிவிடும். உரம் கலந்த பிறகு அளந்தால்தான் அர்த்தம். 5.5-லிருந்து 6.5-க்குள் இருந்தால் நான் அதற்குமேல் கவலைப்படுவதில்லை.

அதிலும் ஒரு அடி வாங்கினேன். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக இருக்கிற 19:19:19 உரம் மட்டுமே போட்டுக்கொண்டிருந்தேன், நாலு மாதத்தில் புது இலைகளின் நுனி கருக ஆரம்பித்தது. அந்த உரத்தில் கால்சியம் துளிகூடக் கிடையாது, ஆர்.ஓ. தண்ணீரிலும் இல்லை, செடி எங்கே போகும்? இப்போது ஒரு வாரம் கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு அரை கிராம், மறுவாரம் 19:19:19 அரை கிராமோடு மெக்னீசியத்துக்காக ஒரு சிட்டிகை எப்சம் உப்பு. இரண்டையும் ஒரே பாட்டிலில் கெட்டியாகக் கரைத்து வைத்துவிடாதே, தயிர் திரிந்த மாதிரி அடியில் படிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழைத்தண்ணீர் டிரம் நிறைந்துவிட்டால் மெஷினைத் தொடுவதே இல்லை. ஒரு குடத்துக்கு இரண்டு குடம் கழிவு போகிறதே, எத்தனை தரம்தான் வாசல் கழுவுவது?

நீ ஒரு டி.டி.எஸ். பேனா மட்டும் வாங்கி அளந்து பார். 150-க்குக் கீழே இருந்தால் குழாய்த் தண்ணீரையே ஊற்று. ஒன்று மட்டும் கவனி, உங்கள் அபார்ட்மென்டில் போர் தண்ணீரைக் கலந்து சாஃப்ட்னர் வழியாக விடுகிறார்களா என்று வாட்ச்மேனைக் கேள், மோட்டார் ரூமில் உப்பு மூட்டை அடுக்கியிருந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைப் போடுகிற மெஷின் அது, சோப்பு நுரைக்கும், வேர் வெந்துவிடும்.

என் நீல வாண்டா ஆர்க்கிட் இரண்டாவது பூந்தண்டு விட்டிருக்கிறது. அப்புறம், உன் வெள்ளை டென்ட்ரோபியத்தின் தண்டில் குட்டி முளைத்திருப்பதாக எழுதியிருந்தாயே, மூன்று வேர் விட்டதும் அறுத்து எடுத்து வை. தையில் வருகிறேன், எனக்குத்தான் அது.

உன்,
கமலா